பச்சை அம்புக்குறியை நம்பாதீங்க

ஊரில் யாராவது "தம்பி என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டால் "பொட்டி தட்டுறேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவது என் வழக்கம். விளக்கமாகச் சொன்னால்: ஒரு கம்பெனியில் மலைபோல் குவிந்து கிடக்கும் விற்பனை, சரக்கு, சம்பளக் கணக்கையெல்லாம் எடுத்து, பெரிய அதிகாரி காப்பி குடித்து முடிப்பதற்குள் புரிகிற மாதிரி ஒரே திரையில் வரைந்து கொடுப்பது. பெயர் டேஷ்போர்டு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த புண்ணியத்தில் லம்பா லைனில் உட்கார்ந்தபடி இந்தப் பிழைப்பு நடக்கிறது. அதற்கு முன் அந்தமானுக்கு சாட்டிலைட்தான் கதி.

இந்தத் தொழில்மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம். வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் நிறைய. அதனால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

எண்ணை அழகாக்குகிற அவசரத்தில், அந்த எண் எப்படி வந்தது, அதில் யார் விட்டுப்போனார்கள் என்ற விவரத்தை நாமே கத்தரித்துக் குப்பையில் போடுகிறோம். கேட்டால் "கிளையண்ட் கேட்டார், செய்தேன்" என்கிறோம். என் கோபம் இதன்மேல்தான்.

நான் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் மக்கள்தொகை 3,56,152. 2011-ல் 3,80,581. வளர்ச்சி 6.86 சதவீதம். டேஷ்போர்டில் ஒரு பெரிய எண், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

இப்போது அதையே மாவட்டவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தலைநகர் இருக்கும் தெற்கு அந்தமான் 2,08,471-லிருந்து 2,38,142 ஆனது. வடக்கு மற்றும் மத்திய அந்தமானில் பத்து வருடத்தில் வெறும் 16 பேர் குறைவு. நிக்கோபாரிலோ 42,068 பேர் 36,842 ஆகிவிட்டார்கள், அதாவது 12.42 சதவீதம் சரிவு. நடுவில் வந்தது 2004 டிசம்பர் 26, சுனாமி. நிக்கோபாரில் கச்சால் என்று ஒரு தீவு உண்டு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்திய இடம். அலை அங்கே கோரத்தாண்டவம் ஆடியது. அந்தத் துயரம் முழுக்க அந்தப் பச்சை அம்புக்குள் அடங்கிவிட்டது. எண் பொய்யில்லை. ஆனால் அதைத் தனியாக நிற்கவைத்தது ஏமாற்று வேலை.

இதைவிட விசித்திரம் வடக்கு சென்டினல் தீவு. 2001-ல் அங்கே 39 பேர் என்று பதிவு. 2011-ல் 15 பேர். கணினியிடம் கொடுத்தால் யோசிக்காமல் 61.5 சதவீதம் வீழ்ச்சி என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் காட்டும். நடுவில் சுனாமி வேறு வந்ததால் கதையும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எண்ணப் போனவர்கள் கரையிலேயே இறங்கவில்லை. கடலில் தள்ளி நின்று, கண்ணில் பட்டவர்களை எண்ணினார்கள். அது மக்கள்தொகை அல்ல, அன்றைக்குக் கண்ணில் பட்டவர்களின் எண்ணிக்கை. அந்த ஒரு வரியை எண்ணின் பக்கத்தில் எழுதாவிட்டால், இல்லாத ஒரு பேரழிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

சரி, தீவுக்காரன் புலம்பல் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். காரணம், பழைய எக்செல் கோப்பு. அதில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது. மீதி சத்தமில்லாமல் கீழே விழுந்துவிட்டது. விழுந்தவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் வேலையும் தாமதமாகிவிட்டது. விடுபட்ட வரிசை ஒருநாளும் "நான் இங்கே இல்லை" என்று கூப்பாடு போடாது. அதைச் சொல்லவேண்டியது டேஷ்போர்டு வரைகிறவன்.

நாம் என்ன செய்கிறோம்? பவர் பிஐ-யில் கணக்கின் கடைசியில் "+ 0" என்று ஒட்டினால் காலிக் கட்டங்களெல்லாம் பூஜ்யமாகிவிடும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பெயர் வேண்டாம், ஒரு வாடிக்கையாளர் என்னிடம் "காலியா விட்டா பார்க்க அசிங்கமா இருக்கு, ஜீரோ போட்டுடுங்க" என்றார். முடியாது என்றேன். வேறொருவர் போட்டுக்கொடுத்தார். அடுத்த மழையில் நெட் படுத்துவிட, தூரத்துத் தீவுக் கடை ஒன்றின் கணக்கு வந்துசேரவில்லை. திரையில் விற்பனை பூஜ்யம். நாள் முழுக்க நின்று விற்ற பையனுக்குக் கிடைத்தது திட்டு. தகவல் வரவில்லை என்பதும் விற்பனை இல்லை என்பதும் ஒன்றா ஐயா?

"நீங்க சொல்றது சரிதான் பாஸ், ஆனா மேலிடத்துக்கு நேரமில்லை, ஒரே பார்வையில் தெரியணுமே" என்பார்கள். தெரியட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலிக் கட்டத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டி "தகவல் வரவில்லை" என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? 2021-ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவில்லை. அப்புறமும் பழைய எண்களை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கை எத்தனையோ திரைகள் நேற்று எண்ணியது போலக் காட்டின. "2011 அடிப்படையில் உத்தேசம்" என்பது மூன்றே சொல். சராசரியைச் சொடுக்கினால் அதற்குள் அதிகம், குறைவு எது என்று பிரித்துக்காட்ட அரைமணி நேர வேலை. செய்யாமல் விடுவதற்கு நேரமின்மை காரணமில்லை. கேள்வி வந்துவிடுமே என்ற பயம்தான் காரணம்.

டேஷ்போர்டு என்ற சொல்லின் பூர்வீகம் தெரியுமோ? குதிரை வண்டியில், குளம்படியில் தெறிக்கும் சேறு உள்ளே இருப்பவர்மேல் படாமல் தடுக்க முன்னால் வைத்த பலகை அது. இன்றைக்கும் பல அலுவலகங்களில் அதே வேலையைத்தான் செய்கிறது :-)

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். எந்த ஊர்க் கணக்கிலும் நாம் சின்ன வரிசை. சராசரியில் முதலில் கரைவதும், "இதர" என்ற கட்டத்துக்குள் தள்ளப்படுவதும் சின்ன வரிசைகள்தான். கரைவதன் வலி தெரிந்த நாமே அடுத்தவரைக் கரைக்கும் படத்தை வரையலாமா? உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால் இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ போட்ட படத்தில் யார் விட்டுப்போயிருக்காங்க?" பதில் தெரியாவிட்டால் அந்தப் படம் இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள்.