மழையிருந்தும் மரமில்லா வெளி

மோட்டார் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு மாத்தளைக்கு வருவோர், முத்துமாரியம்மனைத் தரிசித்தபின் தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் விரைவதே வழக்கம். அக்குன்றுகளின் பெருமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை. ஆயினும் அதே மாவட்டத்தில், இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனைக் கடந்து லக்கலைக்குச் செல்லும் பாதையொன்று உண்டு. இவ்வாரம் வாசகர்களை அவ்வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தூரம் சிறிதாயினும் அவசரம் உதவாது. இரத்தோட்டைக்கு அப்பால் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒலி எழுப்புதலும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுதலும், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குதலும் கட்டாயம். மூடுபனி கவிந்தால் பட்டப்பகலிலும் விளக்கேற்ற நேரும். பெற்றோலை மாத்தளையிலேயே நிரப்பிக்கொள்வது நலம்.

மடக்கிய கையின் முட்டிகள்போல் தோன்றியமையால் ஆங்கிலேயர் இம்மலைத்தொடருக்கு 'நக்கிள்ஸ்' எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் இது தும்பர மலை. இதன் உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர் உயரமுடையது. 2000ஆம் ஆண்டில் இக்காடு பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல், சிவனொளிபாதமலைக் காட்டுடனும் ஹோட்டன் சமவெளியுடனும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ரிவஸ்டன் கணவாயில் காற்றின் வேகத்துக்கு ஆற்றாது மரங்களும் குறுகி நிற்கின்றன. மேற்குப் புறத்தில் முகிலும் ஈரமும். கணவாயைக் கடந்து கீழிறங்கினாலோ வெயிலும் வறட்சியும் தலைகாட்டுகின்றன. ஒரு மலை இரு பருவங்களைப் பிரித்து நிற்பதை வண்டியில் இருந்தபடியே காணலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது பிட்டவல பத்தன. 'பத்தன' என்பது மலைப் புல்வெளி. மலைநாட்டுத் தமிழர் வாயில் அது 'பத்தனை'. பச்சைப் புல், இடையிடையே வெண்ணிறப் படிகக் கற்பொடி, கரிய பாறை என நிறங்கள் மாறிமாறி வர, வெளி சரிந்து சென்று ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் முடிகிறது. அவ்விளிம்பைச் 'சிறிய உலக முடிவு' என்கின்றனர்.

சுற்றிலும் காடு இருக்க, இங்கு மட்டும் மரம் வளராதது ஏன்? அவுஸ்திரேலியாவின் நடுவே, அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே, வானவில் பள்ளத்தாக்கு என்னும் காப்பிடம் உண்டு. அங்குள்ள மணற்கற் பாறையின் இரும்புச் சத்தை முற்கால ஈரம் கரைத்து மேலே கொணர்ந்தமையால், மேற்பகுதி சிவந்தும் கீழ்ப்பகுதி வெளுத்தும் காணப்படுகிறது. அப்பாலைநிலத்தில் மழை அரிது. பிட்டவலவிலோ மழையுண்டு, மண் இல்லை. மெல்லிய பருக்கை மண்ணுக்குக் கீழே பாறை இருக்கிறது. புல்லின் வேருக்கு அது போதும். மரத்தின் வேருக்குப் போதாது.

இந்த ஏழை மண்ணை நம்பியும் உயிர்கள் வாழ்கின்றன. 1946இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான பளிங்குப் பாறைத் தவளை, உலகில் நக்கிள்ஸ் மலைகளில் மாத்திரமே உள்ளது. பாறை வெடிப்புகளில் நுழைவதற்கேற்ப அதன் உடல் தட்டையானது. அதன் குஞ்சுகள் குளத்தில் நீந்துவதில்லை. ஈரப் பாறையின் மீது படர்ந்த மெல்லிய நீர்ப்படலத்திலேயே வளர்கின்றன. நாம் விளையாட்டாகப் புரட்டும் ஒரு கல் அதன் வீடாக இருக்கலாம்.

ஆகவே குடும்பத்தலைவர்களுக்குச் சில சொற்கள். வண்டியைப் பாதையோரத்திலேயே நிறுத்துங்கள். ஒரு சக்கரம் கிழித்த தடத்தில் மழைநீர் ஓடத் தொடங்கினால், விரலளவு மண்ணும் அடித்துச் செல்லப்படும். வன பரிபாலனத் திணைக்களத்தாரிடம் சீட்டுப் பெற்று, நடைபாதையிலேயே நடவுங்கள். புல்வெளியில் தீ மூட்டவேண்டாம். சோற்றுப் பொதியை வீட்டிலிருந்தே கட்டி வாருங்கள். பொதிந்த தாளைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். பள்ளத்தின் விளிம்பில் குழந்தைகளின் கையை விடாதீர்கள். வெண்கற்களை வீட்டு அலுமாரிக்கென்று பொறுக்க முனையும் சிறுவர்க்கு, அந்தத் தவளையின் கதையைக் கூறுங்கள். மண் ஏன் இவ்வளவு மெல்லியது என்றும் அவர்கள் கேட்பார்கள். காலடியிலுள்ள பாறையையே காட்டி விடை கூறலாம்.