எண்ணிக்கையும் மதிப்பும்

விஞ்ஞானிகளின் உழைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்பது அரசாங்கமும் சர்வகலாசாலைகளும் நெடுநாளாக எதிர்நோக்கி வரும் பிரச்னையாகும். பொதுப் பணத்தைச் செலவிடுவோர் அதன் பயனை அறிய விரும்புவது நியாயமே. ஆயினும், எளிதில் எண்ணக்கூடியதையே பயன் என்று கொள்ளுதல் தகாது.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னர் எவரெவர் எடுத்தாண்டனர் என்று தேடிக் காண்பதற்கு அது உதவிற்று. தேடுவதற்கென ஏற்பட்ட அக்கருவி நாளடைவில் அளவுகோலாக மாறிற்று. 2005-இல் பௌதிக அறிஞர் ஹிர்ஷ் ‘எச்’ குறியீட்டை வகுத்தார். ஒருவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 தடவையேனும் மேற்கோள் காட்டப்பட்டு, 11 கட்டுரைகளுக்கு அந்நிலை எட்டாதிருப்பின், அவருடைய குறியீடு 10 ஆகும்.

இத்தகைய கணக்கு தயவு தாட்சணியத்திற்கு ஓரளவு தடையாக இருப்பது உண்மையே. ஆனால் மேற்கோள் காட்டும் வழக்கம் துறைக்குத் துறை வேறுபடும். வைத்திய ஆராய்ச்சியாளரையும் கணித அறிஞரையும் ஒரே படியால் அளத்தல் முறையன்று. மேலும், இளைஞரைவிட அனுபவம் மிக்கவருக்கே அது சாதகமாகும். எதற்குப் பரிசு உண்டோ அதுவே பெருகும் என்பதையும் மறத்தலாகாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்குப் புள்ளி வழங்கும் முறையை ஏற்படுத்திற்று. கட்டணம் பெற்று எதனையும் அச்சிடும் சஞ்சிகைகளும் மலிந்தன. தரமான சஞ்சிகைகளைப் பட்டியலிட 2018-இல் அக்குழுவே முற்பட வேண்டியதாயிற்று.

வேறு விதமான அளவுகோலும் உண்டு. 1912-இல் தோன்றிய கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பயிர்க் கரும்பையும் காட்டினக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ. 205 என்னும் ரகம் 1918-இல் வெளிவந்தது. அதன் மதிப்பை நிலைநாட்டியவை வட இந்திய வயல்களே. மேற்கோள் கணக்கு அன்று.

சஞ்சிகையின் பெருமையைக் கொண்டு தனி விஞ்ஞானியை எடைபோடலாகாது என்று 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வற்புறுத்துகிறது. அவ்வாறாயின் வேறு சான்று வேண்டும். அதனை அளிக்க வல்லவர்கள் களப் பணியாளர்களே. எந்த ரகம் எந்தக் கிராமத்தில் நிலைத்தது, எது ஏன் கைவிடப்பட்டது என்னும் அவர்களுடைய குறிப்புகள் மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்கப்படுதல் வேண்டும். சஞ்சிகையின் பெயரை நோக்காது கட்டுரையையே படித்து ஆராயும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவரிடம் வளர்ப்பார்களாக. எண்கள் துணை நிற்கலாம். தீர்ப்பு மனிதருடையதாகவே இருத்தல் வேண்டும்.