விதைக்கு ஒரு காய்

கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் சென்ற ஆண்டு வெள்ளரி பயிரிட்டேன். படிக்க வந்தவனுக்கு இது என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களே, மாலையில் பொரியோடு கடிக்க அந்த வெள்ளரியைத் தேடி என் அறைக்கு வருகிறார்கள். ஆகையால் அவர்கள் கேள்வியை நான் பொருட்படுத்துவதில்லை.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதை அது. இரண்டே தொட்டி, கொடி தாங்காத காய். நாட்டுக் கொடியில் ஆண் பூ மிகுதி, பிஞ்சு தாங்கும் பெண் பூ குறைவு. பெண் பூவே மிகுதியாகப் பூக்கும் வகையைத் தாயாகக் கொண்டு பல ஒட்டு ரகங்களை உண்டாக்குகிறார்கள். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் 'பூசா சன்யோக்' அப்படிப்பட்டதே. ஜப்பானிய வகை ஒன்றும் இத்தாலியின் நேப்பிள்ஸ் பெயர் தாங்கிய வகை ஒன்றும் அதன் பெற்றோர்.

மகிழ்ச்சியில் ஊர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தேன். எங்கள் அம்மா நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விடுவார். அது மஞ்சளாய்ப் பழுத்ததும் விதையெடுத்து, கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைப்பார். "விதைக்கு விட்ட காயில் கை வைக்காதே" என்பது வீட்டுச் சட்டம். நானும் ஒரு காயை விட்டேன். இவ்வாண்டு அவ்விதை முளைத்தது. ஒரு கொடியில் குட்டைக் காய், ஒன்றில் நீளக் காய், மூன்றாவதில் காயே அரிது, அதிலும் கசப்பு! வீட்டுக்கார மாசிமா ஒரு துண்டை வாயிலிட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

விதைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கூச்சலிடுவது நேர்மையன்று. பட்டாணிச் செடியைக் கொண்டு மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே விடை இருக்கிறது. கலப்பின் முதல் தலைமுறை ஒரே சீராக நிற்கும். அடுத்த தலைமுறையில் பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து வெளிப்படும். தேர்வுக்கு இதைப் படித்து எழுதியவன்தான் நான்!

என் கவலை வேறு. விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு பகிரவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய உழவனுக்கு உரிமை தந்திருக்கிறது. ஒட்டு ரகத்தில் அவ்வுரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் கடை வாசலுக்குத்தான் போக வேண்டும். வெள்ளரியோ இமயத்தின் அடிவாரத்தில் பிறந்த நம் பயிர். அதன் விதை நம் வீடுகளில் இல்லாமற் போகலாமா? ஒட்டு விதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறையக் காய் வேண்டுமென்றால் அதுவே நல்லது. அதன் பக்கத்தில் ஒரு தொட்டியாவது நாட்டு வெள்ளரிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் துணிபு.

தேனீ இரண்டையும் கலந்துவிடுமே என்பீர்கள். மறுநாள் மலரவிருக்கும் நாட்டுக் கொடியின் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் அவிழ்த்து, நாமே மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டினால் போதும். அம்மா அனுப்பிய நாட்டு விதை ஒரு பிடி என்னிடம் இருக்கிறது. மாடி உள்ளவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.