பிழைச்செய்தியும் தமிழ் பேசுக!

பழைய கணிப்பொறி ஒன்று திடுமென நின்றுவிடுகிறது. திரை முழுதும் நீலம். அதன்மேல் ஆங்கில வரிகள். இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நம்மவர் பலர் உடனே பெட்டியைக் கடைக்குத் தூக்கி ஓடுகின்றனர். கடைக்காரர் வன்தட்டைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாய் நிறுவித் தருகிறார். பொறி பிழைக்கிறது, பிள்ளையின் பாடக்குறிப்பும் குடும்பத்து ஒளிப்படங்களும் அழிகின்றன.

இவ்விழப்புக்கு வேர், அறிவிப்பைப் படியாமையே. கோப்புகள் மேலும் கெடாவண்ணம் இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதே நீலத்திரை. அதிலுள்ள எண்ணே நோயின் பெயர். '7பி' என முடியின், தொடக்க வட்டை இயங்குதளத்தால் அணுக இயலவில்லை. '50' என முடியின், நினைவகப் பலகையையோ அண்மையில் சேர்த்த இயக்கியையோ ஐயுறுக. அணைத்து எழுப்புந்தோறும் நாட்காட்டி பழைய ஆண்டுக்குத் திரும்பின், தாய்ப்பலகையிலுள்ள காசுவடிவ 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்தது. இணையப் பக்கங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டுவதும் அதனாலேயே. எவ்வறிவிப்பும் இன்றி அணையுமாயின், முதலில் வெம்மையை ஆய்க. நூற்பாலைகள் மிக்க இராசபாளையத்தில் விசிறியைப் பஞ்சுத்துகள் அடைத்தல் வியப்பன்று.

ஆதலின், முதலில் எண்ணைத் தாளில் எழுதுக. பொறி எழுமாயின் கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க. பின்னர் மின்னிணைப்பை நீக்கித் தூசு துடைத்து, நினைவகப் பலகையைக் கழற்றி மாட்டுக. விண்டோசு 7 வரையிலான பொறிகளில், எழும்போதே எட்டாம் செயல்விசையை அழுத்தின் பாதுகாப்பு நிலை கிட்டும். அந்நிலையில் பொறி ஒழுங்காய் ஓடின், பழுது பெரும்பாலும் புதிதாய்ச் சேர்த்த மென்பொருளிலேயே உள்ளது. வன்தட்டைத் துடைத்தல் இறுதி மருந்தாகவே இருத்தல் வேண்டும்.

இத்துணை எளியதை நம்மவர் அறியாமைக்குக் கரணியம் யாது? மொழியே! விண்டோசு 7-க்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு வந்தது. ஆனால், மிகுதியும் புழங்கும் பகுதிகளே அதில் தமிழாயின. நலமாய் ஓடும்போது தமிழ், நோயுற்றால் ஆங்கிலமா? இடரில் உதவாத மொழிபெயர்ப்பு, மழையில் விரியாத குடையன்றோ? அவ்வியங்குதளத்திற்கான பொது ஆதரவும் 2020 சனவரி 14-இல் முடிந்தது. தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அந்நாளில் பெற்ற பொறிகளும் முதுமை எய்திவிட்டன. அவற்றைக் காப்போர்க்கு நாமன்றி வேறு யார் துணை?

மென்பொருள் எழுதும் தமிழிளைஞரே! நேர்ந்தது யாது, ஏன் நேர்ந்தது, இனிச் செய்வது யாது என்னும் மூன்றையும் உங்கள் பிழைச்செய்தி தமிழில் கூறுக. ஆசிரியப் பெருமக்களே! பிழையெண்களையும் அவற்றின் பொருளையும் தமிழில் பட்டியலிட்டுப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். அதைப் படித்த மாணவன் தன் வீட்டுப் பொறியை மட்டுமன்றித் தெருவார் பொறியையும் காப்பான்.