விசா ரிஜெக்ட் ஆனா யார்கிட்ட கேட்பது?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினீயர், ஜெர்மனி போக ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார் என வைத்துக்கொள்வோம். கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் 11-க்கு முன்பு 80 தான். ரிஜெக்ட் ஆனாலும் பணம் திரும்ப வராது.

‘ஏன் மறுத்தீங்க, மறுபடி பாருங்க’ என்று தூதரகத்திடமே கட்டணமின்றி முறையிடும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை நிறுத்திவிட்டது. இனி மீண்டும் பணம் கட்டி விண்ணப்பிக்கணும். இல்லைன்னா பெர்லின் நீதிமன்றம் போகணும். இதுக்காக யார் அங்கே வக்கீல் வைப்பாங்க?

விசா மறுப்பது அந்த நாட்டின் உரிமை, அதில் சண்டையில்லை. ஆனால், பணம் வாங்கிய பிறகு, படிவத்தில் ஒரு டிக் மட்டும் போதாது. எந்த ஆவணத்தில் என்ன குறை என்று தெளிவாகச் சொல்வதே நியாயம்.

அதுவரை ரிஜெக்ஷன் லெட்டரைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த விண்ணப்பத்துக்கு இருக்கும் ஒரே துப்பு அதுதான்.