சைலன்சர் மாற்றுவோர்க்கு ஒரு சொல்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை வரைந்தால், அது சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். மலர்க் குழுவினரும் எம்மிடம் அதனையே எதிர்பார்த்தனர். யாமோ மோட்டார்ச் சைக்கிளின் சைலன்சரைப் பற்றி எழுதப் புகுந்தோம். நகைப்போர் நகைக்க. அண்மைக் காலத்தில் எம் வகுப்பிலே செய்யுளுக்கு நேர்ந்த இடையூறுகளுட் பெரும்பாலானவை அக்குழாயின் வழியே வந்தவை. ஆதலின் அதனைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கும் உரிமை உண்டு.

எம் வகுப்பறை வீதியை அடுத்தது. செய்யுளை ஓசை நயம் தோன்ற வாசித்தால் மாணாக்கரிற் பாதிப்பேர் உரையின்றியே பொருளை உணர்வர் என்பது ஆசிரியத் தொழிலில் யாம் கண்ட அநுபவம். அவ்வாறு வாசித்து மூன்றாம் அடிக்கு வரும்பொழுது வீதியிலே ஒரு மோட்டார்ச் சைக்கிள் முழங்கிக்கொண்டு போகும். யாம் நிறுத்துவோம். அம்முழக்கம் தேய்ந்து சந்தியில் மறையும்வரை வகுப்பு முழுவதும் அதன் பின்னே போய்விட்டு வரும். பின்னர் முதலடியிலிருந்தே தொடங்க வேண்டும். பாடவேளையில் வகுப்பறையினுள் ஓசை 35 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. சாளரங்கள் திறந்து, மின்விசிறி சுழன்று, வேப்பமரத்துக் காகங்களும் கரையும் எம் வகுப்பறைக்கு அந்த அளவு கைகூடாது. காகத்துக்கு யாம் பழகிக்கொண்டோம். அது இடைவிடாது கரைவதால் செவி அதனை ஒதுக்கிவிடுகின்றது. திடீரென எழுந்து திடீரென அடங்கும் ஓசைக்குச் செவி பழகுவதில்லை.

இதில் எமக்கு ஒரு சங்கடமும் உண்டு. முழக்கிச் செல்வோரிற் சிலர் எம் பழைய மாணாக்கர். கல்லூரிப் படலையில் எம்மைக் கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கைகூப்பி, “சுகமா இருக்கிறியளோ சேர்?” என்று அன்போடு வினவுவர். அதன் பின் ஏறி அதே முழக்கத்தோடு போவர். அவர்தம் பணிவிற் பொய் சிறிதும் இல்லை. ஓசை வண்டியின் பின்னே கொட்டப்படுகின்றது. ஓட்டுபவர் அதற்கு முன்னே போகின்றார். தலைக்கவசம் வேறு காதை மூடியிருக்கின்றது. தாம் விட்டுச் செல்வது இன்னதென்று அவர் நின்று கேட்டதில்லை.

சைலன்சரை மாற்றுதலே குற்றம் என்று யாம் சொல்ல வரவில்லை. இக்குடாநாட்டில் மாற்றாமல் நெடுங்காலம் வண்டி ஓட்ட இயலாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகத் தோன்றுகின்றது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அவ்வாவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து சந்தைக்குமாகச் சிறுதூரம் ஓடி நிற்கும் ஆசிரியர் வண்டியிலோ ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகிக் கிடக்கும். உள்ளே அந்நீர், வெளியே உப்புக்காற்று. கறள் பிடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? பல சைலன்சர்களின் அடியிலே சிறிய துவாரம் ஒன்று இருக்கும். நீர் வடிவதற்கென்றே இட்டது அது. ஓட்டையென எண்ணி அதனைப் பற்றவைத்து அடைப்பித்த நண்பர் ஒருவரை அறிவோம். அடுத்த மாரியிலே சைலன்சரின் அடிப்பாகம் முழுவதும் ஓட்டையாயிற்று.

எம் 125 சீ.சீ. வண்டியின் சைலன்சரும் சென்ற மார்கழி மழையோடு உக்கி உதிர்ந்தது. திருத்தகம் வைத்திருப்பவரும் எம்மிடம் படித்தவரே. அவர் மூன்றினை எடுத்து வைத்தார். முதலாவது, வண்டியை ஆக்கிய கம்பனியாரே செய்தது. விலை நெஞ்சை அடைத்தது. இரண்டாவது, அதனைப் பார்த்துப் பிறர் செய்தது. விலை குறைவு, தகடு மெலிவு. மூன்றாவது குட்டையாய்ப் பளபளவென்று வாய் அகன்று கிடந்தது. “சேர், உங்களுக்கு ஓட்டம் வேணுமோ, சத்தம் வேணுமோ?” என்று கேட்டார். எம்மைக் கேலி செய்யக் கேட்டதன்று. வருவோர் எல்லாரிடமும் அவர் கேட்கும் கேள்வியாம் அது. இளைஞர் பலர் இரண்டும் ஒன்றுதானே என்று விடையிறுப்பராம்.

அவ்விடையிலேதான் பிழை தொடங்குகின்றது. எஞ்சினின் வெளியேற்று வால்வு திறந்தவுடன் அழுத்தம் மிக்க புகை ஓர் அலையாய்க் குழாயினூடே ஓடுகின்றது. குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் அவ்வலையின் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்தமாய் மாறித் திரும்பி வருகின்றது. அது உரிய கணத்தில் வால்வை வந்தடைந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்துப் புதிய கலவைக்கு இடஞ்செய்யும். குழாயின் நீளமும் அகலமும் இக்கணக்கினால் அமைந்தவை. எந்த வேகத்துக்கு இக்கணக்கைப் பொருத்தினார்களோ அந்த வேகத்தில் மட்டுமே அது பயன் தரும். நம் வீதிகளில் வண்டி ஓடுவது நடுவேகத்தில். அகன்ற குழாயை மாட்டினால் அவ்வேகத்தில் புகையின் ஓட்டம் தளர்ந்து, இழுவை முன்னையிலும் குறைதலும் உண்டு. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும் என்று திருத்தகங்களிற் சொல்வதும் சரியான காரணமாகாது. வேண்டுவது புகையின் வேகமும் அலை திரும்பும் காலமுமே.

குழாயினால் வலு பெருகும் என்பது முழுப்பொய்யும் அன்று. கிழக்கு ஜேர்மனியிலே எம்.இஸட். நிறுவனத்தின் பந்தய வண்டிகளை உருவாக்கிய வால்ரர் காடன் என்னும் பொறியியலாளர், 1950களில் இருவீச்சு எஞ்சினின் குழாயை விரிந்து பின் சுருங்கும் கூம்புகளாக அமைத்தார். சிலிண்டரிலிருந்து தப்பியோடும் புதிய கலவையை, திரும்பி வரும் அலை மீளவும் உள்ளே தள்ளிவிட்டது. 1961ஆம் ஆண்டளவில் அவருடைய 125 சீ.சீ. எஞ்சின் ஏறக்குறைய 25 பரிவலு தந்தது. அவ்வாண்டிலேயே அவர்தம் ஓட்டுநராகிய ஏர்ன்ஸ்ற் டெக்னர் சுவீடன் பந்தயத்தோடு மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார். அவரோடு அந்த அறிவும் யப்பானின் சுசுக்கி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1962ஆம் ஆண்டில் 50 சீ.சீ. உலக வீரர் பட்டத்தை டெக்னர் சுசுக்கி வண்டியில் வென்றார். ஒரு குழாய்க்காக உலகம் இத்துணைப் பாடுபட்டதா என்று வியக்கலாம். ஆனால் அது இருவீச்சு எஞ்சின்; பந்தயத் திடலில் ஓடியது; அந்த ஓர் எஞ்சினுக்கென்றே அளந்து செய்த குழாய். நம் பிள்ளைகள் வாங்குவது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் குழாய். எல்லாருக்கும் பொருந்தும் சட்டை எவருக்கும் அளவாயிராது.

இன்னும் உண்டு. காபரேற்றர் வண்டியிலே தடையற்ற குழாயை மாட்டினால் கலவையிற் பெற்றோல் குறைந்து காற்று மிகுதல் நேரும். எஞ்சின் மிகச் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருக்கும். அப்பொழுது காபரேற்றரின் ஜெற்றையும் மாற்றியாக வேண்டும். இக்காலத்து வண்டிகளிலே குழாயில் ஒட்சிசன் அளக்கும் உணரி உண்டு. புகையின் நஞ்சை நீக்கும் ஊக்கி அறையும் குழாயினுள்ளேயே வைக்கப்படுகின்றது. உணரிக்கு இடமில்லாத குழாயை மாட்டினோர்க்கு எச்சரிக்கை விளக்கு ஓயாது எரியும். ஊக்கி அறையை எறிந்தோர்க்கு விளக்கும் எரியாமலே நஞ்சு வெளிவரும்.

ஓட்டமில்லை என்றால் எஞ்சுவது சத்தமே. நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலே செய்யப்பட்டவை. அங்கு 2003இல் நடைமுறைக்கு வந்த விதி, 80 முதல் 175 சீ.சீ. வரையான புதிய வண்டிகளுக்கு 77 டெசிபெல் எல்லை வகுத்தது. டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டற் கணக்கன்று. பத்து ஏறினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகும், செவிக்கு இரு மடங்காய்த் தோன்றும். உள்ளடைப்பு நீக்கிய குழாயின் பொருள் இதுதான்.

எம் பிள்ளைப் பருவத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், இங்கே பெற்றோல் காண்பதற்கரிய பொருள். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைலன்சரில் மண்டிய கரியை நெருப்பிலிட்டு எரித்துக் கழுவுவதைச் சிறுவர் யாம் சுற்றி நின்று பார்ப்போம். அன்று வீதியில் வண்டியோசை கேட்டால், யாரோ வருகிறார் என்று படலைக்கு ஓடுவோம். வானத்தில் ஓசை கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். கேட்டவுடன் பிரித்தறியச் செவி பழகியிருந்தது. அப்பழக்கம் எளிதிற் போவதன்று. எம் ஒழுங்கையிலே எண்பது கடந்த அம்மா ஒருவர் இருக்கின்றார். ஓடும் வண்டியின் விசையைத் திடீரெனத் தளர்த்தும்போது, எரியாத கலவை சூடான குழாயினுட் பற்றி வெடிக்கும். மூட்டு வழியே காற்றுப் புகுந்தால் அவ்வெடி மிகும். சாவியை அணைத்துத் திறந்து வேண்டுமென்றே வெடிக்கச் செய்வோரும் உளர். அவ்வோசை கேட்ட போதெல்லாம் அந்த அம்மா பேரப்பிள்ளையின் கையைப் பற்றி உள்ளே இழுக்கின்றார். போர் 2009இல் முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையை இழுத்த பின்னரே அது அவர் நினைவுக்கு வருகின்றது. ஒரு துடுப்பாட்டப் போட்டி நாளன்று, கொடி பிடித்துச் சென்ற நம் ஊர்வலத்து வண்டிகள் அந்த ஒழுங்கையால் வெடித்துக்கொண்டு போயின. அன்று கல்லூரிக் கழுத்துப்பட்டியோடு அந்த வீட்டைக் கடந்துபோக எமக்குக் கால் கூசிற்று.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கின்றது; பொலிசாரும் இடையிடையே வண்டிகளை மறிக்கின்றனர். தண்டம் கட்டியவர் மறுவாரமே வேறு குழாய் வாங்குகின்றார். அதற்குப் பணம் அனுப்பும் மாமன்மாரும் சித்தப்பாமாரும் கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்களாயின் அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம்: பிரித்தானியாவின் ஆண்டுப் பரிசோதனையில் ‘வீதிக்குரியதன்று’ எனப் பொறித்த சைலன்சர் பூட்டிய வண்டி தேறாது. அங்கே தமக்கு ஆகாததை இங்கே மருமகனுக்கு வாங்கிக் கொடுத்தல் முறையாகுமா? மாற்றத்தான் வேண்டுமெனில், வண்டியின் பெயரும் ஆண்டும் சொல்லி அதற்கென்றே செய்த குழாயை வாங்குக. ஐரோப்பிய அங்கீகாரத்தின் வட்டமிட்ட ‘ஈ’ முத்திரை பொறித்திருந்தால் நன்று. ஒரு திருகாணியைக் கழற்றினால் உள்ளடைப்பு கையோடு வரும் வகை சில உண்டு. அது கழற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டது என்பது எம் கருத்து.

யாம் கம்பனிச் சைலன்சரையே வாங்கினோம். மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அதிற் கற்றுக்கொண்டவை பல. எஞ்சின் ஆறிய பின்னரே தொடுதல் வேண்டும். முன்மூட்டின் நட்டுக்கள் கறளேறி இறுகியிருக்கும். முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தார். வலிந்து திருப்பி, சிலிண்டர்த் தலையிற் பதிந்த ஆணி முறிந்தால், துளைத்தெடுக்கும் செலவு சைலன்சரின் விலையை எட்டிவிடும். பழைய கஸ்கெற் வாயிலேயே ஒட்டிக்கிடப்பதுண்டு. அதனைச் சுரண்டி எடுத்துப் புதியது வைத்தார். அதன் விலை அற்பம். அதனை மிச்சம் பிடிப்போர் வண்டிதான் வெடித்துக்கொண்டு போவது. பின்னர் எல்லா ஆணிகளையும் தளர்வாகப் பூட்டி, முன்மூட்டு நட்டுக்களை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, பின்தாங்கியின் ஆணியை ஈற்றில் இறுக்கினார். பின்னே முதலில் இறுக்கிவிட்டு முன்னே இழுத்துப் பொருத்தினால், குழாய் எந்நேரமும் இழுவிசையிலேயே நின்று, ஒட்டிய இடத்தில் வெடித்துவிடும். பின்சில்லு மேலெழும்போது குழாயில் தட்டுகின்றதா, பிறேக் மிதி முழுதும் இறங்குகின்றதா என்று பார்த்தார். வெப்பத் தடுப்புத் தகட்டை மறவாது பூட்டினார். சேலையோடு பின்னே அமர்ந்து செல்லும் நம் பெண்மக்களிற் பலருக்குக் கெண்டைக்காலில் அக்குழாய் இட்ட தழும்பு உண்டு. தகடு அழகைக் கெடுக்கின்றது என்று கழற்றி எறிவோர் அத்தழும்பைப் பார்த்ததில்லையோ! ஈற்றில், பளபளத்த குழாயிற் படிந்த கைரேகையைத் துணியால் துடைத்தார். துடையாது சூடேற்றினால் அந்த எண்ணெய்க்கறை நிலைத்துவிடுமாம். இரண்டு நாள் ஓடிய பின் மீண்டும் வரச்சொல்லி நட்டுக்களை இறுக்கித் தந்தார். அதற்குப் பணம் பெற மறுத்துவிட்டார்.

எமது பழைய சைலன்சரை நெடுக்கே அறுத்துத் தருமாறு அவரைக் கேட்டோம். உள்ளே மூன்று அறைகள். அறைக்கறை துளையிட்ட சிறுகுழாய்கள். புகை முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகும் வழி. வெற்றுக் குழாய் என்று எண்ணியிருந்தோர்க்கு அது வியப்பாயிருந்தது. விஞ்ஞான ஆசிரியர் அதனை வாங்கிச் சென்று, ஒலியலைப் பாடத்துக்கென ஆய்வுகூடத்தில் வைத்திருக்கின்றார். விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள் வந்து பார்க்கலாம். கரி இன்னும் முழுதும் போகவில்லை. வெண்சட்டையோடு வருவோர் தொடாது பார்ப்பது நன்று.