வாடகை ஏறும், உதவித்தொகை உறையும்!

பிரிட்டனில் தனியார் வீட்டில் குடியிருக்கும் ஏழைக்கு அரசு வாடகை உதவித்தொகை கொடுக்கிறது என்று பேச்செடுத்தாலே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "எங்க வரிப்பணத்துல இவங்களுக்கு மாளிகை வாசமா?" என்பார்கள். இந்தக் கூச்சலைச் சாக்காக வைத்துக்கொண்டு 2010-லிருந்து அங்கே வந்த அரசுகள் அந்த உதவித்தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றிருக்கின்றன. ஆனால் இந்த உதவித்தொகை ஏன் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பதில் ரொம்ப எளிது. வளர்த்ததே அரசுதான்.

1980-ல் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தின்படி, நகராட்சிகள் கட்டி வைத்திருந்த வீடுகள் அங்கே குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் விற்கப்பட்டன. விற்ற அளவுக்குப் புது வீடுகள் கட்டப்படவில்லை. பிறகு 1988 சட்டம் வந்து, தனியார் வீடுகளில் புதிதாகக் குடிவருபவர்களின் வாடகையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து சந்தையின் கையில் கொடுத்தது. வாடகை ஏறினால் ஏழை என்ன செய்வான்? 1991-ல் வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஜார்ஜ் யங் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்: கட்ட முடியாதவர்களின் சுமையை 'ஹவுசிங் பெனிபிட்' தாங்கிக்கொள்ளும் என்று.

ஆக, வீட்டுக்குப் பதிலாகக் காசு தருகிறோம் என்பது அரசே போட்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் என்ன ஆனது?

2008 ஏப்ரலில் லேபர் அரசு, தனியார் வாடகைதாரர்களுக்காக 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ஒரு வட்டாரத்தில் இரண்டு படுக்கையறை வீடுகள் நூறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை குறைந்ததிலிருந்து கூடியது வரை அவற்றை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் வீட்டின் வாடகைதான் உதவித்தொகையின் உச்சவரம்பு. அதாவது ஊரில் பாதி வீடுகள் ஏழைக்கும் எட்டும்.

2010-ல் கூட்டணி அரசு வந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஜூன் பட்ஜெட்டில் கத்தியை எடுத்தார். 2011 ஏப்ரல் முதல் வரிசையில் ஐம்பதாவது வீடு போய் முப்பதாவது வீடு அளவுகோலானது. எங்கே இருந்தாலும் ஒரு படுக்கையறைக்கு வாரம் 250 பவுண்ட், நான்கு படுக்கையறைக்கு 400 பவுண்டுக்கு மேல் கிடையாது. 2012 ஜனவரியில் இன்னொரு அடி. தனியாக வாழும் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகை மட்டுமே என்றிருந்த விதி, 35 வயது வரை நீட்டப்பட்டது. 34 வயதில் வேலை போனவன் முன்பின் தெரியாதவர்களோடு சமையலறையைப் பங்குபோட்டு வாழவேண்டியதுதான்! அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சனே, கொசோவோ பாணியில் ஏழைகளை நகரத்தை விட்டுத் துரத்துவதை அனுமதிக்க மாட்டேன் என்று 2010-ல் வானொலியில் சொன்னார். அவர் ஆஸ்போர்னின் சொந்தக் கட்சிக்காரர்!

இதெல்லாம் வெளியே தெரிந்த வெட்டு. அதைவிட மோசமானது சத்தமே இல்லாமல் நடந்தது. 2013-லிருந்து உதவித்தொகை உள்ளூர் வாடகையோடு சேர்ந்து ஏறுவது நிறுத்தப்பட்டது. 2014-லும் 2015-லும் பெரும்பாலான இடங்களில் ஏற்றம் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2016 முதல் நான்கு வருடம் அதுவும் இல்லை. கொரோனா வந்து பயமுறுத்திய பிறகுதான் 2020 ஏப்ரலில் முப்பதாவது வீட்டு வாடகைக்குத் திரும்பினார்கள். உடனே மறுபடி உறைய வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஒருவர் கையில் வாங்கிய தொகை, 2019 செப்டம்பர் வரையிலான வாடகைகளை வைத்துக் கணக்கிட்டது! 2024 ஏப்ரலில் மறுபடி ஒரு உயர்வு. 2025 ஏப்ரலில் மறுபடி உறைவு. இந்தத் தடவை உறைய வைத்தது லேபர் அரசு. கட்சி மாறியது, காட்சி மாறவில்லை.

உறைய வைப்பதில் அரசியல்வாதிக்கு ஒரு வசதி இருக்கிறது. "குறைத்தோம்" என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ரொக்கம் அதேதான், வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும். இடைவெளியைக் குடும்பம் சாப்பாட்டிலும் ஹீட்டரிலும் மிச்சம் பிடித்து நிரப்ப வேண்டும். வேலைக்குப் போயும் சம்பளம் போதாமல் இந்த உதவியை வாங்குபவர்களுக்கும் இதே கதிதான்.

"உதவித்தொகையைக் குறைத்தால் வீட்டுக்காரர்கள் தானாக வாடகையைக் குறைப்பார்கள்" என்பது ஒரு வாதம். இதை அரசின் பணி, ஓய்வூதியத் துறையே ஆள் வைத்து ஆராய்ந்தது. 2011 வெட்டைப் பற்றி 2014-ல் வெளியான அந்த முடிவு என்ன தெரியுமா? வெட்டில் 89 சதவீதம் வாடகைதாரர் தலையில், வீட்டுக்காரர் ஏற்றது வெறும் 11 சதவீதம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பு தைத்தவனைப் பிடித்து அடிக்கிறார்கள்!

"சரி, அரசுக்காவது பணம் மிச்சமாச்சே" என்பது அடுத்த வாதம். அதுவும் பொய். வாடகை கட்ட முடியாமல் வெளியேறும் குடும்பத்தை நகராட்சி தெருவில் விட முடியாது, சட்டம் விடாது. ஓட்டல் அறையிலோ தற்காலிக வீட்டிலோ தங்க வைக்க வேண்டும். 2023-24-ல் இங்கிலாந்தின் நகராட்சிகள் இதற்குச் செலவழித்தது சுமார் 230 கோடி பவுண்ட். 2024 இறுதியில் இப்படித் தங்கியிருந்த குழந்தைகள் மட்டும் 1.6 லட்சத்துக்கு மேல். மத்திய அரசு இந்தச் செலவைத் திருப்பித் தரும்போது பயன்படுத்தி வந்த அளவு எது? 2011-ம் வருட வாடகை உதவித் தொகையில் 90 சதவீதம்! மீதியை நகராட்சி தன் பையிலிருந்து போடவேண்டும். ஒரு பையிலிருந்து எடுத்ததை இன்னொரு பையில் கூடுதலாகச் செலவழிப்பதற்குப் பெயர் சிக்கனமா?

2025 அக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் காலிசெய்யச் சொல்வதை ஒழிக்கிறது. உதவித்தொகை வாங்குபவர் என்பதற்காக வீடு மறுப்பதையும் தடுக்கிறது. நல்ல விஷயம்தான், வரவேற்போம். ஆனால் சந்தை வாடகைக்கு அந்தச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. வீட்டுக்காரர் கதவைத் திறந்தாலும், உள்ளே போகக் காசு வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. வருடாவருடம் உதவித்தொகையை உள்ளூர் வாடகையோடு இணைப்பதைச் சட்டமாக்கலாம், நிதியமைச்சரின் மனநிலைக்கு விட்டுவிடாமல். கூடவே விற்றுத் தீர்த்த நகராட்சி வீடுகளைத் திரும்பக் கட்டலாம். குறைந்த வாடகை வீடு பெருகினால் உதவித்தொகைச் செலவு தானாக இறங்கும். இரண்டையும் செய்யாமல், வீட்டையும் விற்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தருவேன் என்ற காசையும் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் ஏழையைப் பார்த்து "மாளிகை கேட்கிறாயா?" என்று கேட்கும் அரசுக்கு வாக்குறுதி என்ற சொல்லை உச்சரிக்கவே யோக்கியதை கிடையாது.